ஜிஞ்சர் பியரும் கண்காணா உயிரும்



வெயிற் காலத்தில் வீடு தேடி வரும் விருந்தினருக்கு ஜிஞ்சர் பியர் கொடுத்து உபசரிப்பது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். இன்று கடையில் நாம் வாங்கும் போத்தலில் உள்ள வாயு பெரும்பாலும் இயந்திரத்தால் அழுத்திப் புகுத்தப்பட்டது. ஆனால் 'பியர்' என்னும் பெயர் பழைய கதையொன்றை நினைவூட்டுகின்றது. முற்காலத்து ஜிஞ்சர் பியர் வீட்டிலேயே நொதிக்கவைத்து ஆக்கப்பட்டது. அதன் நுரையைத் தந்தது இயந்திரமன்று, ஓர் உயிர். அவ்வுயிரைப் பற்றியும், அதனை வீட்டில் வளர்ப்போர் கைக்கொள்ள வேண்டிய எச்சரிக்கைகளைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகின்றேன்.

இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் 1869ஆம் ஆண்டு இலைத்துரு நோய் முதன்முதலாகக் காணப்பட்டது. அதனை ஆராயும்பொருட்டு 1880ஆம் ஆண்டு ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் ஆங்கிலத் தாவரவியலாளர் இங்கு வந்தார். நோய்க்குக் காரணம் ஒரு பங்கசு என்பதையும், அதன் நுண்ணிய வித்திகள் காற்றிலே மிதந்து பரவுகின்றன என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். காரணம் விளங்கிற்று, கோப்பியை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. தாயகம் திரும்பிய வார்ட், பின்னர் வேறொரு பொருளை ஆராயத் தொடங்கினார். ஆங்கிலேயக் குடும்பங்கள் ஜிஞ்சர் பியர் ஆக்குவதற்குப் பயன்படுத்திய, 'ஜிஞ்சர் பியர்ச் செடி' என்று பெயர் பெற்ற, களி போன்ற வெண்மணிகளே அப்பொருள். உண்மையில் அது செடியே அன்று என்றும், ஒரு மதுவமும் ஒரு பற்றீரியாவும் கூடி வாழும் குடியிருப்பு என்றும் 1892ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஆய்வு எடுத்துரைத்தது. கோப்பியை அழித்ததும் பங்கசு. பானத்தைப் பொங்கவைக்கும் மதுவமும் பங்கசு இனத்தைச் சேர்ந்ததே. ஒன்று பகைவன், மற்றது பணியாள். ஆயினும் பணியாளின் இயல்பை அறியாத எசமான் துன்புறுவான் அன்றோ?

மதுவத்தின் இயல்பு யாது? அது சீனியை உண்டு, அற்ககோலையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடும். ஒரு கிராம் சீனி முழுவதும் நொதித்தால் ஏறக்குறையக் கால் லீற்றர் வாயு பிறக்கும். ஒரு லீற்றர் பானம் நன்கு நுரைப்பதற்குப் பத்துக் கிராம் சீனியிலிருந்து வரும் வாயுவே போதும். நாமோ இனிப்பை விரும்பி லீற்றருக்கு நூறு கிராம் இடுகின்றோம். அவ்வளவும் மூடிய போத்தலுள் நொதிக்குமாயின், ஒரு லீற்றர் அளவான இடத்தில் இருபத்தைந்து லீற்றர் வாயு அடைபட்டுக் கிடக்கும். கண்ணாடிப் போத்தல் வெடித்துச் சிதறுவதற்கு வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இனிச் செய்முறையைக் கேளுங்கள். நான்கு லீற்றர் பானத்துக்கு நூறு கிராம் பச்சை இஞ்சியைக் கழுவி நசுக்கி, ஒரு லீற்றர் நீரிற் கால் மணி நேரம் கொதிக்கவையுங்கள். நானூறு கிராம் சீனியை அதிற் கரைத்து, கொதித்து ஆறிய நீர் மூன்று லீற்றரைச் சேர்த்து வடிகட்டுங்கள். மூன்று நான்கு தேசிக்காயின் சாற்றையும் பிழிந்துவிடுங்கள். விரலுக்கு இளஞ்சூடாகத் தோன்றும் வரை ஆறவிட்ட பின்னரே, பாண் செய்வதற்கு விற்கும் உலர்ந்த ஈஸ்ற்றிற் கால் தேக்கரண்டி இடவேண்டும். கொதிநீரில் இட்டால் அது இறந்துபோம். பாத்திரத்தைத் தூய துணியால் மூடி ஒரு நாள் வைத்து, பின்பு போத்தலில் ஊற்றுங்கள்.

எந்தப் போத்தல் என்பதே இங்கு முக்கியமான வினா. சோடா விற்கப்படும் தடித்த பிளாத்திக்குப் போத்தலே வீட்டுக்கு ஏற்றது. கண்ணாடி வேண்டாம், குடிநீர் விற்கும் மெல்லிய போத்தலும் வேண்டாம். மண்ணெண்ணெயோ கிருமிநாசினியோ ஒருமுறையேனும் இருந்த போத்தலை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தலாகாது. புளிப்புப் பானம் உலோகத்தை அரிக்குமாதலால், பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்களை விலக்கி, துருப்பிடியாத உருக்குப் பாத்திரத்தைக் கொள்ளுங்கள். போத்தலில் நான்கு விரல் அளவு வெற்றிடம் விட்டு மூடி, நிழலான இடத்தில் வையுங்கள். காலையும் மாலையும் கையால் அழுத்திப் பாருங்கள். கடையில் வாங்கிய புதுச் சோடாப் போத்தல்போல் இறுகியதும் உடனே குளிர்சாதனப் பெட்டியுள் வைத்துவிட வேண்டும். நமது வெப்பத்தில் அதற்கு ஒரு நாளோ இரண்டு நாளோ போதும். குளிர் மதுவத்தைத் தூங்கவைக்குமேயன்றிக் கொல்லாது. ஆகையால் ஒரு வாரத்துள் அருந்தி முடியுங்கள். திறக்கும்போது முகத்தை விலக்கி, மூடியை மெல்ல மெல்லத் தளர்த்துங்கள்.

செலவுக் கணக்கை இல்லத்தரசிகள் என்னிலும் நன்கு அறிவார்கள். இஞ்சி, சீனி, தேசிக்காய், அடுப்பெரிப்பு ஆகியவற்றின் அன்றைய விலையைக் கூட்டி நான்கால் வகுத்தால், ஒரு லீற்றரின் அடக்கவிலை தெரியும். ஈஸ்ற்றின் பங்கு மிகச் சிறிது. முதற் பானத்தின் அடியிற் படிந்த வண்டலில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த பானத்துக்கும் இடலாம். ஆயினும் வேண்டாத கிருமிகள் காலப்போக்கிற் கலக்குமாதலால், சில முறைக்குப்பின் புதிதாகத் தொடங்குதல் நன்று. பழைய போத்தலொன்றை வீசாது சேமிக்கும் காசு, வெடித்த கண்ணாடியால் வரும் வைத்தியச் செலவுக்கு எம்மட்டு?

இன்னுமொன்று. எவ்வளவு கவனமாக ஆக்கினும் இதிற் சிறிதளவு அற்ககோல் இருக்கும். நாள் நீள நீள அதன் அளவு கூடும். ஆகவே குழந்தைகளுக்கும், கருவுற்ற தாய்மாருக்கும், மதுவை அறவே விலக்கியோருக்கும் இதனை அறிவியாது கொடுத்தல் முறையன்று. வாற்கோதுமைப் பியரை வீட்டில் ஆக்குவது வேறு காரியம். பிரித்தானியாவில் அதற்கு வேண்டியிருந்த உரிமம் 1963ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. நம் நாட்டிலோ உரிமமின்றி மது ஆக்குவதை மதுவரிச் சட்டம் தடுக்கின்றது.

பானம் ஆக்க விரும்பாதோர்க்கும் ஒரு சோதனை சொல்வேன். பிள்ளைகளைக் கூட்டி, ஒரு போத்தலில் இளஞ்சூடான சீனிக் கரைசலையும் சிறிது ஈஸ்ற்றையும் இட்டு, அதன் வாயில் ஒரு பலூனை மாட்டுங்கள். யாரும் ஊதாமலே பலூன் மெல்ல நிமிர்ந்து பருக்கும். ஊதியவர் யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மார்ஷல் வார்ட் நமது மலைநாட்டில் நின்று கேட்டதும் அத்தகைய கேள்வியே.