தெற்கே மணல், வடக்கே கல்



"நம்ம ராயபுரம்" என்று தலைப்புக் கொடுத்து என்னை இந்த மேடையில் நிறுத்திவிட்டார்கள். ராயபுரத்துக்காரர்களிடம் ராயபுரத்தைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். அதனால் பெருமைகளை வேகமாகச் சொல்லிவிட்டு, ஒரு வழக்கை உங்கள் முன் வைக்கப்போகிறேன். நீதிபதிகள் நீங்கள்.

முதலில் பெருமை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று எங்கிருந்து கிளம்பியது? சென்ட்ரலிலிருந்தா? சென்ட்ரல் அப்போது பிறக்கவே இல்லை! நம் ராயபுரம் நிலையத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடியது. பஞ்ச காலத்தில் ஏழைக்குக் கஞ்சி ஊற்றிய சத்திரம் வளர்ந்துதான் ஸ்டான்லி மருத்துவமனை ஆயிற்று; நம் வீட்டுப் பெரியவர்கள் அதைக் "கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி" என்று சொன்னதை இங்கே பலர் கேட்டிருப்பீர்கள். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டத்தில் பேசியது நம் ராபின்சன் பூங்காவில். பார்சி மக்களின் அக்கினிக் கோயில் 1910 முதல் இங்கே இருக்கிறது. இராயப்பர் தேவாலயத்தை எழுப்பியதோ படகோட்டிகள். அலையில் உழைத்துச் சேர்த்த காசில் கட்டிய கோயில் அது.

அந்தப் படகோட்டிகளிடமிருந்துதான் நம் வழக்கு தொடங்குகிறது.

நண்பர்களே, இரண்டு நூற்றாண்டுக்கு மேலாக ஒரு துறைமுகம்கூட இல்லாமல் துறைமுக நகரமாக இருந்த ஊர் சென்னை. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவே பேரலை. எந்தக் கவர்னர் ஆனாலும், எந்தத் தளபதி ஆனாலும், மசூலாப் படகில் ஏறி நம் ஆட்களின் தோளை நம்பித்தான் கரை சேர வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், உடையாது. கடலோடு சண்டை போடாமல் கடலைக் கடக்கத் தெரிந்தவர்கள் செய்த படகு.

1875 டிசம்பரில் இங்கிலாந்து இளவரசர் வந்து துறைமுகத்துக்கு அடிக்கல் வைத்தார். கடலுக்குள் இரண்டு கைகளை நீட்டியதுபோலக் கல்லால் சுவர் எழுப்பினார்கள். 1881 நவம்பரில் ஒரு புயல். கட்டியதில் பெரும்பகுதி கடலுக்குள் போயிற்று. மறுபடியும் கட்டினார்கள். 1904-ல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளர், கிழக்கே பார்த்திருந்த வாசலை அடைத்து வடகிழக்கே திருப்பினார். அதற்குப் பிறகுதான் துறைமுகம் நிலைத்தது. திறமையான வேலை. மறுக்கவில்லை.

ஆனால் கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்கிற பொருள் அல்ல. வடகிழக்குப் பருவத்தில் சில மாதம் அது தெற்கே நகரும். மற்ற மாதங்களில் வடக்கே நகரும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். அப்படி வடக்கே வந்துகொண்டிருந்த மணலை நடுவழியில் ஒரு கல் சுவர் மறித்தால் என்ன ஆகும்? சுவருக்குத் தெற்கே குவியும். சுவருக்கு வடக்கே வரவு நின்றுபோகும், செலவு மட்டும் நடக்கும்.

தெற்கே குவிந்த மணலுக்கு 1884-ல் கவர்னர் கிரான்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினா என்று பேர் வைத்தார். ஒரு காலத்தில் கோட்டைச் சுவர்ப் பக்கம் வரை வந்த கடல், இன்று எட்டிப் பார்த்தாலும் தெரியாத தூரத்துக்குப் போய்விட்டது. அங்கே சுண்டல் சாப்பிடுகிறோம், பட்டம் விடுகிறோம், தலைவர்களுக்கு நினைவிடம் கட்டுகிறோம். போகட்டும், சந்தோஷம்!

வடக்கே? ராயபுரத்திலிருந்து காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கரை உள்ளே வந்துகொண்டே இருந்தது. கட்டுமரம் ஏற்றி வைக்கவும், வலை உலர்த்தவும் இருந்த மணல் போயிற்று. குப்பங்கள் பின்வாங்கின. அரசு கல் கொட்டியது. பிறகு கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளாகத் தூண்டில் வளைவுகள் போட்டது. ஓரிடத்தில் தூண்டில் வளைவு போட்டால் அதன் வடக்கே அரிக்கும். அங்கே இன்னொன்று போட வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும்போது பாருங்கள்: கடற்கரை ஊர்தான், ஆனால் குழந்தை கால் நனைக்க ஓர் இடம் தேட வேண்டும்.

வழக்கு இதுதான். ஒரே கல் சுவர் தெற்கே கடற்கரையைக் கொடுத்தது, வடக்கே கடற்கரையை எடுத்தது. கொடுத்ததை வரலாற்றில் எழுதினார்கள். எடுத்ததை எழுதவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். துறைமுகம் சோறு போடவில்லையா? போட்டது. மூட்டை தூக்கியவர், கிரேன் ஓட்டியவர், கிளியரன்ஸ் ஆபீசில் கணக்கு எழுதியவர் இல்லாத தெரு இங்கே உண்டா? துறைமுகத்தை ஒட்டித்தானே காசிமேடு மீன்பிடித் துறைமுகமும் வந்தது! விடியுமுன் ஏலம் தொடங்குகிறது. வஞ்சிரமும் சங்கராவும் நகரமெல்லாம் போகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கட்டிக் கிடந்தால் ஐஸ் உடைப்பவர் முதல் கூடை சுமக்கும் அம்மா வரை அடுப்பு தடுமாறும். துறைமுகம் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. லாபத்தை நகரம் முழுக்கப் பங்கு போட்டுக்கொண்டு, செலவை மட்டும் வடசென்னை கணக்கில் எழுதுவது என்ன நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

அந்தச் செலவில் ஒன்று: துறைமுகத்துக் கரித்தூசைச் சுவாசித்தோம். உயர் நீதிமன்ற உத்தரவு வந்து 2011-ல்தான் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாள்வது நின்றது. அந்த நிலக்கரி எண்ணூருக்குப் போயிற்று. அங்கேயும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். நம் வீட்டுத் தூசு அவர்கள் வீட்டுக்குப் போனதைத் தீர்வு என்று நான் கைதட்ட மாட்டேன். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை ஒதுங்கியபோது, அதை வாளியால் அள்ளினார்கள், ஐயா, வாளியால்! நல்ல மீனையும் வாங்க ஆளில்லாமல் நம் பெண்கள் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். கன்டெய்னர் லாரி நெரிசலுக்கு மருந்தாகத் துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலை என்றார்கள். 2009-ல் அடிக்கல். 2022-ல் மறுபடியும் அடிக்கல். கல் போடுவதில் மட்டும் இந்த ஊருக்குக் குறையே வைத்ததில்லை!

ஆள்வோருக்கு ஒரு கோரிக்கை. துறைமுகத்துக்காகக் கடலில் இனி ஒரு கல் விழுவதற்கு முன், எண்ணூர் வரை உள்ள கரைக்கு அதனால் என்ன ஆகும் என்று அளந்து, அந்தக் கணக்கைத் தமிழில், இந்தத் தெருக்களில் படித்துக் காட்டுங்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் தாத்தா, பாட்டியிடம் போய்க் கேளுங்கள்: "நீங்கள் சின்ன வயதில் இருந்தபோது கரை எங்கே இருந்தது, வலை எங்கே காய்ந்தது?" சொல்வதை எழுதுங்கள், பழைய நில அளவை வரைபடத்தில் குறியுங்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவிப்பு வரும் நாளில், அதைக் கையில் எடுத்துக்கொண்டு நாம் எல்லோரும் போவோம். வெறும் கோபத்தோடு போனால் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். ஆவணத்தோடு போனால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இந்த மாதமே தொடங்குங்கள்.