'குருவின் பெயர்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என் அண்ணன் மகளுக்குப் பதின்மூன்று வயது. அரசு இசைப்பள்ளியில் மிருதங்கம் படிக்கிறாள். இந்த ஆண்டு மே மாதம் நகரத்தில் நடக்கும் ஒரு கோடைக்கால கர்நாடக இசைப் பயிலரங்குக்கு விண்ணப்பிக்க ஆசைப்பட்டாள். விண்ணப்பத்தை என் கைப்பேசியில்தான் நிரப்பினோம். பெயர், வயது, கற்கும் கருவி எல்லாம் போட்டாயிற்று. அடுத்த கட்டம், 'குருவின் பெயர்'. அதற்கடுத்தது, 'குடும்பத்தில் இசைக் கலைஞர்கள் உண்டா?' அங்கே அவள் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அத்தை, தாத்தாவ எழுதலாமா?"

அவளுடைய தாத்தா, அதாவது என் அப்பா, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மிருதங்கம் செய்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்து தலித் கிறித்தவர்கள் நாங்கள். இந்தத் தொழிலில் இருக்கும் பல குடும்பங்கள் எங்களைப் போன்றவைதான். எங்கள் வீட்டில் மிருதங்கம் செய்தவர்கள் உண்டு. வாசிக்க உட்கார்ந்த முதல் ஆள் இந்தப் பெண். அவள் கேட்ட கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இசைக் கல்வியைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அப்படியும் வாய் வரவில்லை. அதனால்தான் இன்றைக்கு இதையே பேசலாம் என்று வந்தேன்.

பலருக்கு இந்தப் பயிலரங்குகளைப் பற்றித் தெரிந்திருக்காது. பள்ளித் தேர்வுகள் முடிந்ததும் ஒரு வாரமோ பத்து நாளோ நடக்கும். பெயர்பெற்ற வித்வான்கள் வந்து பாடம் எடுப்பார்கள். புதிய கீர்த்தனைகள், கல்பனாஸ்வரம், லயக் கணக்கு, கடைசி நாளில் ஒரு கச்சேரி. ஆனால் பாடத்தைவிடப் பெரிதாக அங்கே கிடைப்பது அறிமுகம். வித்வானுக்கு உங்கள் முகம் தெரியும். உடன் படித்தவர் நாளைக்கு உங்களைப் பக்கவாத்தியத்துக்குக் கூப்பிடுவார். டிசம்பர் சீசனில் மதிய நேரத்தில் இளம் கலைஞர்களுக்குச் சபாக்கள் மேடை தருகின்றனவே, அந்த மேடைக்கான வழியில் பாதி தூரம் இந்த மே மாதத்திலேயே நடந்துவிடுகிறது. ஆகவே மே மாதம் அந்தக் கூடத்துக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

எனக்குப் பதினான்கு வயதில் அப்படி ஒரு பயிலரங்குக்கு அப்பாவோடு போயிருக்கிறேன். மாணவர்களின் மிருதங்கங்களைச் சரிபார்க்க அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் இடம். அப்பா வார் பிடித்துக்கொண்டிருந்தார். நான் கல்லும் குச்சியும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக வகுப்பு நடப்பது கேட்டது. மிருதங்கம் தெய்வீகமான வாத்தியம், கால் படக்கூடாது, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பையன் கேட்டான்: "சார், இது என்ன தோல் சார்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஆசிரியர், "அதெல்லாம் இப்ப எதுக்கு? தாளத்தைப் போடு" என்றார்.

பதில் தெரிந்தவர் பத்தடி தூரத்தில் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இதில் இருக்கிறது, எந்தத் தோல் எங்கே போகும், ஏன் அங்கே போகும் என்று அரை மணி நேரம் அவரால் பாடம் எடுத்திருக்க முடியும். வலந்தலையில் கரணை எவ்வளவு கனமாக இருந்தால் நாதம் எப்படிப் பேசும் என்பதை அவர் காதாலேயே சொல்வார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு எங்களுக்கு மரத்தடிக்கே சாப்பாடு வந்தது. திட்டவில்லை, விரட்டவில்லை. அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் கூடத்தின் வாசற்படிக்கு இந்தப் பக்கமே வைத்திருந்தார்கள்.

இது ஒரு பயிலரங்கில் நடந்த தவறு மட்டும் என்றால் இங்கே பேசவே மாட்டேன். பாலக்காடு மணி ஐயரின் பெயர் இசை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அவருடைய மிருதங்கங்களைச் செய்த பர்லாந்துவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவர் வாசித்துச் சொல்ல, மற்றவர் தோலில் செய்து பார்க்க, இரண்டு பேரும் சேர்ந்து தேடிய நாதம் அது. இந்தக் கைவினைஞர்களின் வரலாற்றை டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலாக 2020-இல் கொண்டுவந்தார். வெளியீட்டு விழாவுக்கு இடம் தர ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா, மாட்டுத்தோலைப் பற்றிய பகுதி நாளிதழில் வந்த பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா ஆசிய இதழியல் கல்லூரியில் நடந்தது. அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு 2020-லும் அதே பதில்தான். அதெல்லாம் இப்ப எதுக்கு?

சரி, விண்ணப்பத்துக்கு வருவோம். அதில் சாதி கேட்கும் கட்டம் கிடையாது. இருந்தால் நாம் சண்டை போடலாம். அங்கே இருப்பது 'குருவின் பெயர்'. ஒரு பெரிய வித்வானிடம் தனியாகப் பாடம் கேட்க வேண்டுமானால் அவர் வீட்டுக்குள் போக வேண்டும். அந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது, அங்கே யார் சகஜமாக நுழைய முடியும், யாருடைய அம்மா அந்த மாமியிடம் போய்ப் பேச முடியும்? இதையெல்லாம் அந்த ஒரு கட்டம் கேட்டுவிடுகிறது. பதிலைப் பார்த்துவிட்டு இதற்குத் தகுதி என்று பெயர் வைக்கிறார்கள்.

அடுத்தது மாதம். சித்திரையும் வைகாசியும் முகூர்த்த மாதங்கள், கோயில் திருவிழாக் காலம். நாதசுரம், தவில் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அப்போதுதான் வேலை. அப்பாவோடு போய் இரண்டாவது நாயனம் பிடிக்க வேண்டும், ஒத்து வாசிக்க வேண்டும். அந்த வருமானத்தில்தான் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது நோட்டுப் புத்தகம் வாங்குவார்கள். அதே மே மாதத்தைத்தான் விடுமுறை என்று நினைத்துப் பயிலரங்கு வைக்கிறார்கள். கோடை என்றால் ஓய்வு என்பது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. நான் ஆய்வுக்காகப் போய் உட்கார்ந்த பயிலரங்குகளில் நாதசுரம் ஏந்திய ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை. ராக ஆலாபனைக்கு இலக்கணம் சொல்லும்போது மட்டும் ராஜரத்தினம் பிள்ளையின் பெயரை மறக்காமல் சொல்கிறார்கள்.

நம் தோழர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "அவங்க சங்கீதம் நமக்கு எதுக்கு? நமக்குப் பறை இருக்கு, கானா இருக்கு." பறையும் கானாவும் நம் பெருமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் 'அவங்க சங்கீதம்' என்று சொன்ன உடனே அவர்கள் விரும்புவதை நாமே கொடுத்துவிடுகிறோம். தோல் நம்முடையது. நாயனமும் தவிலும் இசை வேளாளர்கள் காத்தவை. வீணை தனம்மாள், எம்.எஸ். சுப்புலட்சுமி என்று தேவதாசி மரபுப் பெண்கள் இல்லாமல் இந்த இசையின் இருபதாம் நூற்றாண்டே இல்லை. நாடார் குடும்பத்தில் பிறந்த சித்த மருத்துவர் ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் தஞ்சாவூரில் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் கூட்டினார், 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டார். சென்னை மியூசிக் அகாடமி தொடங்கியது 1928-இல். இசை கற்றவர்களைக் கூட்டி வைத்து விவாதிக்கும் வழக்கத்தில் நமக்கும் பழைய பங்கு இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் இல்லை.

அப்படியானால் என்ன கேட்க வேண்டும்? என் பட்டியல் சிறியது.

குருவின் பெயர், குடும்பப் பின்னணி இரண்டு கட்டங்களையும் எடுத்துவிடுங்கள். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். முதல் நாள் முதல் வகுப்பை வாத்தியம் செய்கிறவர் எடுக்கட்டும். வித்வானுக்குத் தரும் அதே சம்பளம், அதே நாற்காலி, அதே பந்தியில் சாப்பாடு. என்ன தோல் என்று பிள்ளைகள் கேட்டால் மறைக்காமல் சொல்லட்டும். நாதசுரமும் தவிலும் அதே கூடத்தில் இருக்கட்டும். கல்யாணம் இல்லாத ஆடியில் சனி, ஞாயிறுகளில் ஒரு பயிலரங்கு வையுங்கள். அரசிடமும் ஒரு கோரிக்கை. மாவட்ட இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் எல்லாம் கற்றுத்தருகிறீர்கள். அந்த மாணவர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஒன்றாகத் தங்கவைத்து, நல்ல கருவியும் நல்ல ஆசிரியரும் கொடுங்கள்.

இதில் எதுவும் முடியாத காரியம் இல்லை. செலவும் அதிகம் இல்லை. மரத்தடியிலிருந்து ஒருவரைக் கூடத்துக்குள் கூப்பிட என்ன செலவு ஆகிவிடும்?

அண்ணன் மகளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவளே கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். குருவின் பெயரில் இசைப்பள்ளி ஆசிரியரின் பெயரைப் போட்டாள். குடும்பத்தில் இசைக் கலைஞர் என்ற இடத்தில் தாத்தாவின் பெயரை எழுதி, பக்கத்தில் 'மிருதங்கம் செய்பவர்' என்று சேர்த்தாள். தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் போகிறோம். அப்பாவையும் அழைத்துப் போகிறேன். இந்த முறை அவர் கையில் குச்சியும் கல்லும் இருக்காது. கூடத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்து பேத்தி வாசிப்பதைக் கேட்பார். கேட்டுவிட்டுச் சுருதி சேரவில்லை என்றால் அதையும் சொல்வார்.