எடுப்பவரும் கொடுப்பவரும்



ஓவியத்தை வரைகிறோம், சிலையை வடிக்கிறோம், கவிதையை எழுதுகிறோம். ஒளிப்படத்தை மட்டும் ‘எடுக்கிறோம்’ என்று சொல்லப் பழகியிருக்கிறோம். யோசித்துப் பார்த்தால் இது மிகப் பொருத்தமான சொல். எடுப்பது என்று ஒன்று நடந்தால், அது யாரிடமிருந்தோ எடுக்கப்பட்டிருக்க வேண்டும். 1839 ஆகஸ்ட் 19 அன்று டாகேரின் ஒளிப்பட முறை பாரிசில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அன்றிலிருந்து படத்தைப் பார்த்து நாம் கேட்டுவரும் கேள்வி ஒன்றுதான்: இது உண்மையா, ஒட்டுவேலையா? அது பார்ப்பவரின் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. எடுத்தவர் யாரிடமிருந்து எடுத்தார், அவரிடம் எப்படி நடந்துகொண்டார் என்பது அது. மனிதர், விலங்கு, நிலம் ஆகிய மூன்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். மனிதர் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம். நாற்பது ஆண்டு கழித்து வந்து கணக்கும் கேட்கலாம். விலங்கால் ஓடத்தான் முடியும். நிலத்தால் ஓடவும் முடியாது. எதிரில் இருப்பவரின் குரல் குறையக் குறைய, எடுப்பவரின் பொறுப்பு ஏறிக்கொண்டே போகிறது. பார்ப்பவரின் நம்பிக்கை இந்தப் பொறுப்பு என்னும் வேரிலிருந்து கிளைப்பது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்கும் வாதம்.

மனிதரிலிருந்து தொடங்குவோம். 1936 மார்ச் மாதம், கலிபோர்னியாவின் நிபோமோவில், உறைபனியில் பட்டாணிப் பயிர் அழிந்து, கூலிக்கு வந்தவர்கள் பசியோடு கூடாரங்களில் கிடந்தார்கள். அமெரிக்க அரசுப் பணியில் இருந்த டோரத்தியா லாங் அங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். இரு குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க, மடியில் கைக்குழந்தையோடு, கன்னத்தில் விரல் வைத்துத் தொலைவை வெறிக்கும் அந்தப் படம் உலகப் புகழ் பெற்றது. சான் பிரான்சிஸ்கோ பத்திரிகையில் செய்தி வந்ததும் அரசு அந்த முகாமுக்கு 20,000 பவுண்டு உணவு அனுப்பியது. அதற்குள் அந்தத் தாய் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங் பின்னாளில் எழுதினார். குடும்பம் கார் டயர்களை விற்று உணவு வாங்கியதாகவும் அவர் எழுதினார். விற்பதற்கு எங்களிடம் டயரே இல்லை என்று பிள்ளைகள் மறுத்தார்கள். ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற அந்தப் பெண் செரோக்கீ பழங்குடியைச் சேர்ந்தவர் என்பதே உலகுக்கு 1978க்குப் பிறகுதான் தெரியவந்தது. அப்போது அவர் சொன்ன குறை சிறியதாகத் தோன்றும்: ஒரு பிரதி அனுப்புவதாக லாங் சொன்னார், அனுப்பவில்லை என்பது அது. லாங் 1965இலேயே இறந்துவிட்டதால் அவர் தரப்பை நாம் கேட்க வழியில்லை. ஆனால் படத்தின் நிலையைப் பாருங்கள். பசி பொய்யில்லை, முகம் பொய்யில்லை. பார்ப்பவருக்கு அந்தப் படம் உண்மையாக இருந்தது. கொடுத்தவருக்கு மட்டும் கணக்கு தீராமல் நின்றது.

இதைவிடக் கொடிய உதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், மதராஸ் படையின் அதிகாரி வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமான மனிதர்களைப் படமெடுத்தார். அந்தப் படங்களில் நம்மை உலுக்குவது உடல்களின் மெலிவு மட்டுமில்லை, அவர்களை உட்கார்த்தியிருக்கும் ஒழுங்கும்தான். பெரியவர் பின்னால், சிறுவர் முன்னால் என்று, ஸ்டூடியோவில் குடும்பப் படம் எடுப்பதுபோல் வரிசைப்படுத்தியிருக்கிறார். நிற்கத் தெம்பில்லாதவரை நிறுத்தி வைக்க ஒருவருக்கு எவ்வளவு அதிகாரம் இருந்திருக்க வேண்டும்! அதே ஹூப்பர் 1886இல் மாண்டலேயில் பர்மியக் கைதிகள் சுட்டுக் கொல்லப்படுவதைப் படமெடுத்தார். குண்டு பாயும் கணத்தைப் பிடிப்பதற்காகத் தண்டனையைத் தாமதப்படுத்தினார் என்ற புகார் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போய், விசாரணையும் நடந்தது. பஞ்சம் நடந்தது உண்மை. தண்டனை நடந்தது உண்மை. பொய் எதுவும் புகுத்தப்படாத படமும் எடுக்கப்பட்டவருக்குத் துரோகமாக முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் போரையும் கலவரத்தையும் யார் பதிவுசெய்வது? அதிகாரத்தில் இருப்பவன் அனுமதி தருவானா?’ வலுவான மறுப்பு இது. ஆனால் என் வாதம் அனுமதிச் சீட்டைப் பற்றியதில்லை. தடியெடுத்து அடிப்பவனிடம் யாரும் சம்மதம் கேட்க வேண்டாம். அவனிடம் மறைக்கும் வலிமை இருக்கிறது, அந்த வலிமைக்கு எதிராகத்தான் கேமரா நிற்கிறது. அடிபட்டவரின் நிலை வேறு. அவரிடம் முன்பே கேட்க முடியாமல் போகலாம். பெயரைப் பிறகு கேட்கலாம். பெயர் வந்தால் ஆபத்து என்றால் அதை மறைக்கலாம். அவர் சொல்லாததைப் படக்குறிப்பில் எழுதாமல் இருக்கலாம். ஷட்டர் விழுவது நொடியின் நூறில் ஒரு பங்கு. அந்தப் படத்துக்கான கடமை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அவசரம் முன்னதற்குச் சமாதானமாகலாம், பின்னதற்கு ஆகாது.

அடுத்தது விலங்கு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சார்ந்து நடக்கும் ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் படக்கலைஞர் போட்டியில், 2009இல் முதல் பரிசு பெற்றது, இரவில் ஓர் ஓநாய் வேலிக்கதவைத் தாண்டிக் குதிக்கும் படம். பரிசு 2010 ஜனவரியில் பறிக்கப்பட்டது. அந்த ஓநாய் காட்டு ஓநாய் இல்லை, பழக்கப்பட்ட விலங்காகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அதே போட்டியில் 2017இல் இன்னொரு படம் பரிசு பெற்றது. பிரேசில் நாட்டுப் புல்வெளியில், பூச்சிப் புழுக்கள் பச்சை ஒளி வீசும் கரையான் புற்றை நோக்கி ஓர் எறும்புதின்னி வரும் காட்சி அது. அந்த எறும்புதின்னி, தேசியப் பூங்காவின் பார்வையாளர் கூடத்தில் வைக்கோல் அடைத்து நிறுத்திய உடல்போலவே இருக்கிறது என்று வல்லுநர்கள் கண்டதால், 2018இல் அந்தப் பரிசும் ரத்தானது. படமெடுத்த இருவரும் குற்றச்சாட்டை மறுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் உலகம் ஏன் அவ்வளவு கோபப்பட்டது? படத்தின் ஒளியமைப்போ அழகோ ஒரு துளியும் குறையவில்லையே. குறைந்தது வேறொன்று. காட்டு விலங்கின் படத்தைப் பார்க்கும்போது, மனிதனை நம்பாத ஓர் உயிர் தன் இயல்பு மாறாமல் ஒரு கணம் நம்மைச் சகித்துக்கொண்டதே என்று வியக்கிறோம். விலங்கு தரக்கூடிய சம்மதம் அது ஒன்றுதான்: மேய்ந்துகொண்டிருந்தது தொடர்ந்து மேய்வது, கூட்டுக்கு வந்த பறவை தயங்காமல் கூட்டுக்குள் போவது. அந்தச் சம்மதம் கிடைக்காத இடத்தில் கிடைத்ததாகக் காட்டுவதுதான் மோசடி.

ஏமாற்றுவதோடு நிற்காமல் கொல்லவும் துணிந்த கதை ஒன்று திரைப்பட வரலாற்றில் இருக்கிறது. ஆஸ்கர் பெற்ற டிஸ்னி ஆவணப்படமான ‘வைட் வைல்டர்னஸ்’ 1958இல் வந்தது. லெம்மிங் என்னும் எலியினம் கூட்டமாகக் கடலில் குதித்துத் தற்கொலை செய்துகொள்வதாக அதில் காட்டினார்கள். கடலே இல்லாத ஆல்பர்ட்டாவுக்கு, வேறு மாகாணத்திலிருந்து விலைக்கு வாங்கிய லெம்மிங்குகளைக் கொண்டுவந்து ஆற்றில் தள்ளித்தான் அந்தக் காட்சியை எடுத்தார்கள் என்று 1982இல் கனடாவின் சிபிசி தொலைக்காட்சி அம்பலப்படுத்தியது. எலிகளால் மறுப்பு அறிக்கை வெளியிட முடியவில்லை. அந்தப் பொய் இன்றும் பழமொழிபோல் உலவுகிறது. இதற்கு நேர்மாறான மரபு நமக்கு இருக்கிறது. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், 1950 முதல் 1996இல் இறக்கும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் காட்டுயிர் பற்றித் தொடர்ந்து எழுதியவர். கருப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைகளும் மான்களும் தங்கள் காட்டில், தங்கள் வேலையில் இருக்கின்றன. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய அவரது ஆய்வு 1975இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் நூலாக வந்தது. படம் அழகாக இருந்தால் போதும் என்று நினைப்பவருக்கு ஓநாய் காட்டில் நின்றாலும் பூங்காவில் நின்றாலும் ஒன்றுதான். படம் சான்று என்று நினைப்பவரால் அப்படி இருக்க முடியாது. சரணாலயங்களில் படமெடுப்பதை அனுமதிக்கும் நம் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், வாழிடத்துக்கும் உயிரினத்துக்கும் கேடு நேரக் கூடாது என்றே நிபந்தனை விதிக்கிறது. வாயில்லா ஜீவனுக்காகச் சட்டம் பேசுகிறது.

மூன்றாவது நிலம். நிலத்திடம் என்ன துரோகம் செய்ய முடியும் என்று கேட்கலாம். 1871இல் ஹேடன் தலைமையில் சென்ற ஆய்வுக் குழுவோடு போன வில்லியம் ஹென்றி ஜாக்சன், யெல்லோஸ்டோனின் வெந்நீர் ஊற்றுகளையும் அருவிகளையும் படமெடுத்தார். வேட்டைக்காரர்கள் அந்த இடத்தைப் பற்றிச் சொன்னதைக் கட்டுக்கதை என்று ஊர் சிரித்திருந்தது. படங்களும் தாமஸ் மோரனின் ஓவியங்களும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. 1872 மார்ச் 1 அன்று யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவானது. நம்பிக்கை ஒரு நிலத்தையே காத்த வரலாறு இது. மறுபக்கத்தையும் பாருங்கள். புகழ்பெற்ற யெல்லோஸ்டோன் படங்கள் மனிதக் காலடி படாத கன்னி நிலத்தையே காட்டின. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த துக்குதிகா மக்கள் அடுத்த பத்தாண்டுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். படத்தில் யாரும் எதையும் அழிக்கவில்லை. சட்டகத்துக்கு வெளியே விட்டதே அழிப்பாயிற்று. ஒட்டுவேலை இல்லாத படமெல்லாம் உண்மைப் படம் என்று நம்புகிறவர்களுக்கு இதுவே என் பதில்.

இன்னொரு மறுப்பு வரும்: ‘எல்லாப் படமும் ஏதோ ஒரு வகையில் திருத்தப்பட்டதுதானே? ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் திருத்தவில்லையா?’ திருத்தினார். 1941இல் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊர்மேல் நிலா எழும் காட்சியை எடுத்து, பிற்காலத்தில் அச்சிட அச்சிட வானத்தை மேலும் கருக்கிக்கொண்டே போனார். நெகட்டிவை இசைக்குறிப்பாகவும் அச்சை வாசிப்பாகவும் கருதியவர் அவர்; அதை ஒளிக்கவும் இல்லை. நம் நாட்டிலேயே பாருங்கள். 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப், தம் காகித நெகட்டிவ்கள் சிலவற்றில் மேகங்களைத் தூரிகையால் தீட்டினார். அக்கால ரசாயனத்தில் நீல வானம் வெறும் வெள்ளையாகிவிடும். அதே டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். மேகம் தீட்டிய வானம் கண்ணுக்கு இதமளிக்க வந்தது. கல்வெட்டுப் படமோ எழுத்தைப் படிப்பதற்காக வந்தது; அங்கே ஓர் எழுத்தைத் தீட்டினால் வரலாறே மாறும். திருத்தம் எவ்வளவு என்பதைவிட, படம் எந்த வாக்கோடு நம் கைக்கு வந்தது என்பதே முக்கியம். 1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாக்ரஃபிக்’ தன் அட்டைக்குப் பொருந்துவதற்காகக் கீசா பிரமிடுகளைக் கணினியில் நெருக்கி வைத்தது. ஆடம்ஸ் செய்ததோடு ஒப்பிட்டால் அது சிறு நகர்த்தல். ஆனாலும் அந்த இதழ் உள்ளதை உள்ளபடி காட்டுவதாக வாக்களித்த இதழ். அதனால்தான் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

கடைசி மறுப்பு இந்தக் காலத்துக்கு உரியது. ‘செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி எதையும் நம்ப முடியாது, இந்தப் பேச்செல்லாம் எதற்கு?’ 2023இல் சோனி உலக ஒளிப்பட விருதில் பரிசு பெற்ற ஜெர்மானியர் போரிஸ் எல்டாக்சன், தம் படம் எந்திரம் உருவாக்கியது என்று சொல்லிப் பரிசை மறுத்தார். அதே ஆண்டு, படம் எப்போது பிறந்தது என்ற சான்றை உள்ளேயே பொதிந்து தரும் கேமராவை லைக்கா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய சான்று வேண்டியதுதான். ஆனால் ஹூப்பரின் கையில் அந்தக் கேமரா இருந்திருந்தால், அது பஞ்சப் படத்துக்கும் ‘அசல்’ என்றே முத்திரை குத்தியிருக்கும். வள்ளுவர் ‘தெரிந்துதெளிதல்’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். அங்கே தெளிதல் என்றால் நம்புதல். ஆராயாமல் நம்புவதும், ஆராய்ந்து நம்பியபின் சந்தேகப்படுவதும் இரண்டுமே தீராத துன்பம் என்பது அவர் முடிவு. நேற்றுவரை எல்லாவற்றையும் நம்பியவர்கள் இன்று எதையும் நம்பமாட்டேன் என்பது, ஒரு பள்ளத்திலிருந்து ஏறி இன்னொரு பள்ளத்தில் விழுவது. ஆராயும் வழி நம்மிடம் இருக்கிறது. எடுத்தவர் யார், எங்கே நின்றார், எதை வெளியே விட்டார், எதிரில் இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்போம். எந்திரம் உருவாக்கிய படத்திடம் கடைசிக் கேள்வியைக் கேட்டால், பதில் சொல்ல அங்கே யாரும் இருந்ததே இல்லை.

படமெடுக்கும் நண்பர்களுக்கு: பெயர் கேளுங்கள், வாக்களித்த பிரதியைக் கொண்டுபோய்க் கொடுங்கள், பறவை கூட்டைவிட்டு எழுந்தால் பின்வாங்குங்கள், படக்குறிப்பை உங்கள் கற்பனையால் நிரப்பாதீர்கள். பார்ப்பவர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. அந்த நிபோமோ தாய் 1983இல் நோயில் விழுந்தபோது, சிகிச்சைக்குப் பணமில்லை என்று பிள்ளைகள் வேண்டுகோள் விடுத்தார்கள். படத்தைப் பார்த்திருந்த முகமறியாத மக்கள், கடிதங்களோடு 30,000 டாலருக்கு மேல் அனுப்பினார்கள். அதற்கு 47 ஆண்டுகளுக்கு முன் ஒரு கூடார வாசலில் எடுக்கப்பட்டதற்கு, எடுக்காதவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள்.