மரத்துப்போன விரலும் தனி டம்ளரும்

(பொழிச்சலூரில் மாணவர்கள், தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, பேசக் கூப்பிட்டபோதே சொல்லிட்டேன், என் உடம்பைப் பத்தித்தான் பேசுவேன்னு. எனக்கு 2014லிருந்து ரத்தப் புற்றுநோய். நாள்பட்ட மைலாய்டு வகை. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் வருவது. தொற்றாது. வெள்ளையணு 11,000க்குள் இருக்கணும், எனக்கு 1,80,000. இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் கல்லு மாதிரி. இமாட்டினிப் மாத்திரை, தினம் 400 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு. மூணு மாசத்துல அணுக்கள் அடங்கிடுச்சு.

நான் சொல்ல வந்தது அதுக்கப்புறம் வந்த 'சின்ன' விஷயம். விரல் நுனியில் எறும்பு ஊர்றது. ராத்திரியில் உள்ளங்காலில் ஊசி குத்துறது. காலையில் எழுந்தா கை மதமதன்னு, வேற யாரோட கையோ மாதிரி.

நான் குரோம்பேட்டைப் பக்கம் ஷூ அப்பர் தைக்கிறவன். பீஸ் கணக்குக் கூலி. தோல் எவ்வளவு கனம், மடிப்பு சரியா விழுந்துதா என்பதையெல்லாம் கண் பார்க்காது, விரல்தான் பார்க்கும். விரல் மரத்தா கூலி போச்சு. டாக்டரிடம் சொன்னேன். ரிப்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, "எல்லாம் நார்மல், போங்க" என்றார். மதமதப்பு ரிப்போர்ட்டில் ஏறாதே!

மெஷின் ஊசி விரலில் ஏறியது ஒருநாள். ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிஞ்சது. பக்கத்தில் இருந்தவங்களும் பார்த்தாங்க. உணர்ச்சி இல்லைன்னா நம்ம ஊரில் ஒரே அர்த்தம்தான், தொழுநோய். மறுநாள் டீ வந்தப்போ எனக்கு மட்டும் தனி டம்ளர். அதை ஒதுக்கி வெச்சது ஆதிக்க சாதிக்காரன் இல்ல தோழர்களே. எல்லாம் நம்ம ஜனங்க. ரெட்டை டம்ளருக்கு எதிரா என்னோட சேர்ந்து கோஷம் போட்டவரும் அதுல ஒருத்தர். தொழுநோய் டம்ளர் வழியாப் பரவாது, கூட்டு மருந்தில் முழுசாக் குணமாகும், மருந்து இலவசம். அதை அன்னைக்கு நானும் சொல்லல. 'எனக்கு அது இல்லப்பா'ன்னு மட்டும்தான் சொன்னேன். இன்னும் வெட்கமா இருக்கு.

எல்லாத்துக்கும் மாத்திரைதான் காரணம்னு நானே தீர்ப்பு எழுதி, ரெண்டு மாசம் நிறுத்திட்டேன். வீட்டிலும் சொல்லல. குறைஞ்சுக்கிட்டே வந்த பி.சி.ஆர். கணக்கு மேலே ஏறிடுச்சு. மதமதப்பு மட்டும் அப்படியே இருந்தது.

அப்புறம் பார்த்த ஒரு டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால தொட்டு, "தொடுறது தெரியுதா?"ன்னு விரல் விரலாக் கேட்டாங்க. இந்த மாத்திரையில் தசைப்பிடிப்பு சகஜம், சிலருக்கு மதமதப்பும் வரும். ஆனா சர்க்கரை, கால்சியம், பாஸ்பேட், பி12 எல்லாத்தையும் பார்க்காம மாத்திரை மேல பழி போடக்கூடாதுன்னாங்க. பி12ல ஒரு சூது இருக்கு. இந்த நோய் கட்டுப்படாம இருக்கிறப்போ, வெள்ளையணுக்கள் பி12ஐப் பிடிச்சு வைக்கிற புரதத்தை அதிகமா உண்டாக்கும். ரத்தத்தில் அளவு தாராளமாத் தெரியும், நரம்புக்குப் பத்தாமலும் இருக்கலாம். என் 'நார்மல்' அப்படிப்பட்டது. ஊசி போட்டாங்க. சர்க்கரையும் இருந்தது. கை பாதி திரும்பிடுச்சு. கால் இன்னும் ராத்திரியில் குத்துது.

பல்லாவரத்தில் ரயிலேறி கிண்டியில் இறங்கித்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். அதே கிண்டியில், ஜி.எஸ்.டி. சாலையில் காப்புரிமை அலுவலகம் இருக்கு. நான் நிறுத்தின மாத்திரையோட கதை அங்கே இருக்குன்னு ஒரு மாணவர்தான் சொன்னார். அந்த வழக்குக் காலத்தில் நோவார்ட்டிஸ் கம்பெனியின் 'கிளிவெக்' மாசத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாயா இருந்தது. இந்தியக் கம்பெனிகளின் மாத்திரை அப்போ சுமார் 8,000லிருந்து 10,000. நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையை எதிர்த்தவங்களில் மும்பையின் புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் உண்டு. 2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் மனுவை நிராகரிச்சது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவே செல்லாதுன்னு கம்பெனி போட்ட வழக்கு 2007 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தில் தோத்தது. 2013 ஏப்ரல் 1இல் உச்சநீதிமன்றமும் கம்பெனியின் மேல்முறையீட்டைத் தள்ளுச்சு. அடுத்த வருஷம் எனக்கு நோய். நோயாளிகள் போராடிக் காப்பாத்தின மாத்திரையைத்தான் நான் ரெண்டு மாசம் அலமாரியில் போட்டு வெச்சேன்.

இப்போ நான் தைக்கிறதில்ல. செக்கிங்கில் உட்காருகிறேன், கூலி குறைவு. தனி டம்ளர் எடுபட்டது. யாரும் மன்னிப்புக் கேட்கல, ஒருநாள் எல்லா டம்ளரோடும் அதுவும் கலந்துடுச்சு. டீ சூடா இருக்கான்னு விரலுக்குச் சரியாத் தெரியல. உதட்டில் வெச்சுத்தான் பார்க்கிறேன்.