காற்றுப் புகுந்த உடம்பு

(உட்லண்ட்ஸ் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று நாம் எடுத்துக்கொண்டது சம்பளப் பேச்சல்ல, உடம்பைப் பற்றிய பேச்சு. ஆனால் அதுவும் கடைசியில் சம்பளத்திடம்தான் போய் நிற்கும், பொறுத்துக் கேளுங்கள்.

மண்டாய், செம்பவாங் என்று ஒரு காலத்தில் ரப்பர் மரமாய் நின்ற இந்த வட்டாரத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள். அந்த வீடுகளில் இந்தோனேசியச் சகோதரிகள் பலர் வேலை செய்கிறார்கள். பாலத்துக்கு அப்பால் தோட்டங்களிலும் இந்தோனேசியர் நம்மோடு உழைக்கிறார்கள். தலை கனத்து, வயிறு உப்பி, உடம்பு குளிர்ந்து வலித்தால் அவர்கள் சொல்வது ஒன்றே: 'மாசோக் ஆங்கின்', அதாவது காற்று உள்ளே புகுந்துவிட்டது. மழையில் நனைந்தால், பட்டினி கிடந்தால், தூக்கம் கெட்டால், இரவுக் காற்றில் பயணம் செய்தால் அது வரும் என்பார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து வரும் நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மேல்நாட்டு வைத்தியத்தில் இப்படி ஒரு வியாதி கிடையாது. அதற்காக நகைப்பவரை நாம் கேட்கிறோம்: நம் வீட்டில் 'வாயு பிடித்துக்கொண்டது' என்று சொல்வதில்லையா? சித்த வைத்தியர் வாதம் என்று காற்றையே நாடியில் தேடவில்லையா?

இதற்கு அவர்கள் செய்யும் கைவைத்தியம் 'கெரோக்கான்'. முதுகில் எண்ணெயோ தைலமோ தடவி, நாணயத்தின் விளிம்பால் நடுமுதுகிலிருந்து விலாப் பக்கம் சாய்வாக இழுப்பார்கள். சிவப்புக் கோடுகள் எழும். கோடு கறுக்கக் கறுக்கப் புகுந்த காற்று அதிகம் என்பது கணக்கு. சீனரிடம் இதுவே 'குவா ஷா'. உண்மையில் காற்று எதுவும் வெளியேறுவதில்லை. தோலுக்கடியில் மெல்லிய இரத்தக் குழாய்கள் விரிந்து கசிவதால் சிவக்கிறது. ஆனாலும் சூடும் தேய்ப்பும் வலியைத் தணிக்கின்றன. தன் முதுகைத் தானே இழுத்துக்கொள்ள முடியாது. இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அன்னிய வீட்டில் தனியே கிடக்கும் பெண்ணுக்கு அதுவே பாதி மருந்து என்போம்.

இஞ்சிச் சாறு, கஞ்சி, ஓய்வு, 1928 முதல் சிங்கப்பூர் விற்றுவரும் நம் கோடாலித் தைலம் எல்லாம் நல்லதே. ஆனால் கைக்குழந்தையின் மூக்கருகே கற்பூரத் தைலம் கூடாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர் முதுகில் நாணயம் கூடாது. கடுங்காய்ச்சலிலும் கூடாது, அது டெங்கியாக இருக்கலாம். 2020இல் சிங்கப்பூரில் 35,000 பேருக்கு மேல் டெங்கி கண்டது. முதல் நாளில் அதுவும் காற்றுப் புகுந்ததைப் போலவே இருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. 'ஆங்கின் டூடோக்', உட்கார்ந்த காற்று என்பார்கள். நெஞ்சை அழுத்தும், வேர்த்துக் கொட்டும், மூச்சு முட்டும், வலி இடது கைக்கோ தாடைக்கோ ஏறும். தோழர்களே, அது காற்றல்ல, இருதயம்! நம்மவரும் இதைக் 'கேஸ்' என்று சொல்லிச் சோடா குடித்துப் படுத்து, எழுந்திராமல் போயிருக்கிறார்கள். அப்போது நாணயத்தைத் தேடாதீர்கள். சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999. அடைத்த குழாய் திறக்கும்வரை ஒவ்வொரு நிமிஷமும் இருதயத் தசை செத்துக்கொண்டிருக்கும்.

இது தெரிந்தும் ஏன் நாணயத்தோடு நிற்கிறார்கள்? அறியாமை என்று சொல்வது சுலபம். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போகும், வேலையே போகும் என்ற பயம்தான் பாதிப் பேரை 'வெறும் காற்று' என்று சொல்ல வைக்கிறது. சட்டத்தைக் கேளுங்கள். சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டப்படி 6 மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் அதையும் சேர்த்து 60 நாள் வரை. டாக்டர் சீட்டு வேண்டும். 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். வீட்டுப் பணிப்பெண்களை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. அது நமக்கு ஒப்புதலில்லை. ஆயினும் அவர்கள் வைத்தியச் செலவு முதலாளியின் பொறுப்பே. 2023 ஜூலை முதல் எடுக்கும் ஆஸ்பத்திரிக் காப்புறுதி ஆண்டுக்கு 60,000 வெள்ளிக்குக் குறையக் கூடாது. பக்கத்து வீட்டுச் சகோதரிக்கு இதை மலாயில் சொல்லுங்கள்.

முதுகில் கோடுகளோடு டாக்டரிடம் போகக் கூச்சப்பட வேண்டாம். கண்டவர் அடித்த தழும்போ என்று சந்தேகிக்கக்கூடும். நாணயம் இழுத்ததென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.