பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள்

(சங்கப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கீழ்த்தளத்தில் ஓடாமல் நிற்கும் வண்டிகளை அகற்றும்படி சங்கம் கேட்டிருக்கிறது. நியாயம்தான். அவற்றில் என் தந்தையார் வாங்கிய 1966ஆம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஒன்று. வண்டலூர் அருகே ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் சுமார் பத்தாண்டுகள் தயாரித்த கார் அது. இன்று புதுப்பேட்டையில் தேடினாலும் அதற்கு எல்லாப் பாகமும் கிடைப்பதில்லை. வெட்டித்தான் போட வேண்டும்.

ஒரு முறை வாட்டர் பம்ப் பேக்கிங் ஒழுகியது. பட்டறையில் பழைய பேக்கிங்கைக் குப்பையில் போட்டுவிட்டு, கண் அளவில் புதியதை வெட்டினார்கள். தண்ணீர் போகும் துளையில் பாதி அடைபட்டது. கோவளம் தாண்டுவதற்குள் எஞ்சின் கொதித்து ஆவி கிளம்பியது.

வங்கியில் மாதிரிக் கையெழுத்து இல்லாமல் காசோலையை மாற்ற மாட்டோம். பழைய பாகமும் அப்படித்தான். உடைந்திருந்தாலும் அதுதான் மாதிரி. புதியது சரியாகப் பொருந்தும் வரை அதைக் கையில் வைத்திருங்கள்.

மாதிரி தொலைந்துவிட்டால், பம்பின் முகத்தில் எண்ணெய் தடவி அட்டையை அழுத்துங்கள், அச்சு விழும். முதலில் போல்ட் துளைகளைக் குத்தி, இரண்டு போல்ட்டை மாட்டி அட்டையை நகராமல் நிறுத்திய பிறகு ஓரத்தை வெட்டுங்கள். ஷீட்டின் கனமும் முக்கியம். ஹெட் பேக்கிங்கை மட்டும் வீட்டில் வெட்டாதீர்கள். கதவுக் கண்ணாடிக்கு ஹார்டுபோர்டில் மாதிரி வெட்டி, அளவு பார்த்த பிறகே செய்யக் கொடுங்கள். டஃபன் செய்த கண்ணாடியைப் பிறகு அறுக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை. பழைய பேக்கிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், நனைத்து எடுங்கள்.

2021ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, முதல் பதிவாகி 50 ஆண்டு கடந்த, வடிவம் மாறாத சொந்த வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். தினசரி ஓட்டத்துக்கு அனுமதி இல்லை. ஆகவே, பாகத்தை அசல் அளவிலேயே வெட்டுவது அவசியம்.

திருவிடந்தைக் கடற்காற்று இரும்பை விட்டுவைக்காது. துரு ஓரத்தைத் தின்றுவிட்டால் அளவும் போய்விடும். உங்கள் அப்பாவின் ஸ்கூட்டர் கீழே நின்றால், காயலான் கடைக்குப் போடும் முன் ஒரு ஞாயிறு என்னைக் கூப்பிடுங்கள், இருவரும் சேர்ந்து பார்ப்போம். சங்கத்திடம் நான் கேட்பது மூன்று மாத அவகாசம். அதற்குள் ஹெரால்டு தானே ஓடி வெளியே வராவிட்டால், நானே அகற்றிவிடுகிறேன்.