நஷ்டஈடு பிச்சையல்ல!

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் வாசகம்)



இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளியை ஒரு லாரி அடித்துத் தள்ளுகிறது. களையெடுக்கப் பெண்களை ஏற்றிச் சென்ற வண்டி பள்ளத்தில் கவிழ்கிறது. மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வருகிறது. ஊருக்கு அத்தோடு செய்தி முடிந்தது. ஆனால் அந்த வீட்டுக்கு? நாளை உலை வைக்க என்ன வழி என்ற கேள்வி அன்றுதான் ஆரம்பமாகிறது.

பிணம் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே வண்டி முதலாளியின் ஆள் வந்துவிடுகிறார். "போன உயிர் திரும்பி வருமா? விதி அவ்வளவுதான். கோர்ட்டு, கச்சேரி என்று அலையாதீர்கள். இதை வாங்கிக்கொண்டு ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார். அழுது களைத்த குடும்பம் போட்டும் விடுகிறது. அந்தக் கையெழுத்தை ஏன் போடக் கூடாது என்பதைத்தான் இன்று பேசப் போகிறோம்.

ஒரு காலத்தில் சட்டமும் இதே 'விதி'யைத்தான் பேசியது. 1808ல் இங்கிலாந்தில் ஒரு குதிரை வண்டி கவிழ்ந்தது. அதில் சென்ற பெண் ஒரு மாதம் கழித்து இறந்தார். கணவன் வழக்குப் போட்டான். மனைவி உயிரோடிருந்த அந்த ஒரு மாதத்துக்கு நஷ்டஈடு உண்டு. செத்த பிறகு கிடையாது என்றது நீதிமன்றம்! காலை ஒடித்தால் காசு தர வேண்டும். ஆளைக் கொன்றால் தர வேண்டாம். இதுதான் அன்றைய நியாயம். ரயில் ஓடத் தொடங்கிச் சாவுகள் பெருகிய பின், 1846ல் அங்கே சட்டம் மாறியது. 1855ல் நம் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வந்தது.

மோட்டார் வண்டிகளுக்கு 1939ல் தனிச் சட்டம் பிறந்தது. 1946 முதல், வண்டியால் பிறருக்கு ஏற்படும் கேட்டுக்கு இன்ஷூரன்ஸ் கட்டாயம் ஆயிற்று. இந்த வழக்குகளுக்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் அமைக்க 1956ல் திருத்தம் வந்தது. இன்று நடைமுறையில் இருப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆக, நாம் கேட்பது யாருடைய தயவையும் அல்ல. ஆள் அடிபட்டால் கொடுப்பதற்கென்றே வண்டிக்காரர் பிரீமியம் கட்டியிருக்கிறார். கம்பெனி அதை வாங்கி வைத்திருக்கிறது. சேர வேண்டியவர்களுக்கு அது சேர வேண்டும். அவ்வளவுதான்!

எவ்வளவு சேர வேண்டும்? உச்ச நீதிமன்றம் 2009லும் 2017லும் இதற்கு வழி வகுத்துத் தந்திருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறந்தவருக்கு வயது 32. மாதக் கூலி 12,000 ரூபாய். மனைவி, இரண்டு குழந்தைகள், தாய் என நான்கு பேர் அவரை நம்பியிருந்தார்கள். நிரந்தர வேலை இல்லாதவர், 40 வயதுக்குட்பட்டவர் என்பதால் வருங்கால உயர்வுக்காக 40 சதவிகிதம் கூட்ட வேண்டும், 16,800 ஆகிறது. அவருடைய சொந்தச் செலவென்று கால் பங்கு கழித்தால் 12,600. வருடத்துக்கு 1,51,200. அந்த வயதுக்குரிய பெருக்கல் எண் 16. மொத்தம் 24,19,200 ரூபாய். ஈமச் செலவு முதலியவை தனி.

இப்போது கவனியுங்கள். கூலிக்கு ஆதாரம் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று வாதாடுகிறார். தீர்ப்பாயம் மாதம் 8,000 என்றே எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொகை 16,12,800 ஆகச் சுருங்குகிறது. எட்டு லட்சத்துக்கு மேல் போயிற்று! ஒரு துண்டுக் காகிதம் இல்லாத குறைக்கு அந்தக் குழந்தைகள் கொடுக்கும் விலை இது.

அதனால்தான் சொல்கிறோம்: குறைந்த கூலி மனிதனைச் சுடுகாடு வரை துரத்துகிறது; அதற்குப் பிறகும் விடுவதில்லை. உயிரோடிருந்தபோது கணக்கில் காட்டாமல் கொடுத்த கூலி, செத்த பின் இல்லாத கூலியாகிவிடுகிறது. கூலிச் சீட்டுக் கேட்பதும் கூலி உயர்வு கேட்பதும் இன்றைய சோற்றுக்கு மட்டுமல்ல. நாம் இல்லாத நாளின் சோற்றுக்கும்தான்.

வீட்டு வேலை செய்யும் பெண் இறந்தால்? "அவளுக்கு வருமானமே இல்லையே" என்று கை விரிப்பார்கள். நம்பாதீர்கள். அவளுடைய உழைப்புக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிபடச் சொன்னது. வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக 2019ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பு காட்டியதை அந்தத் தீர்ப்பே எடுத்துச் சொல்கிறது.

"டிரைவர் விடுதலையாகிவிட்டார், உங்கள் வழக்கு நிற்காது" என்றும் மிரட்டுவார்கள். 1980ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், பேருந்து தாழத் தொங்கிய மின்கம்பியில் மோதி 8 பேர் அங்கேயே மாண்டிருந்தார்கள். கடவுள் செயல் என்று டிரைவர் விடுதலையானார். ஆனால் கிரிமினல் வழக்கு வேறு, நஷ்டஈட்டு வழக்கு வேறு என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, வயதுச் சான்று, கூலி ஆதாரம் ஆகியவற்றைத் திரட்டுங்கள். 6 மாதத்துக்குள் மனுப் போட்டுவிடுங்கள். 2022 முதல் சட்டம் அந்தக் கெடுவை வைத்திருக்கிறது. விபத்து வெளியூரில் நடந்தாலும் நீங்கள் வசிக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். யார் தவறு என்று நிரூபிக்காமலே 5 லட்சம் பெறும் வழியும் உண்டு. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் தீர்ப்பாய மனு அற்றுப்போகும். நம் கணக்கில் வந்தது 24 லட்சம் என்பதை நினைவில் வையுங்கள்! இடித்த வண்டி எதுவென்றே தெரியவில்லையானால், வருவாய்த் துறை விசாரணை அதிகாரியிடம் மனுக் கொடுத்து 2 லட்சம் பெறலாம்.

விவசாயத் தோழர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சரக்கு வண்டியில் சும்மா ஏறிச் செல்பவர் இறந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002ல் தீர்ப்பாகியிருக்கிறது. வண்டி முதலாளியிடம்தான் கேட்க வேண்டும். அவரிடம் இல்லையென்றால் கையில் வருவது காற்றுதான். ஆகவே, ஆட்களை ஏற்றுவதற்குரிய வண்டி தந்தால்தான் வேலைக்கு வருவோம் என்று கூட்டாக நின்று கேளுங்கள்.

தோழர்களே! கம்பெனிக்கு வக்கீல் உண்டு, பணம் உண்டு, காத்திருக்க நேரமும் உண்டு. விதவைக்கு அவற்றில் ஒன்றும் இல்லை. அவளுக்கு நாம் இருக்கிறோம். சாவு வீட்டுக்கு மாலையோடு மட்டும் போகாதீர்கள். படித்த இளைஞர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். அவசரக் கையெழுத்தைத் தடுங்கள். காகிதங்களைச் சேருங்கள். வழக்கு முடியும் வரை, வாய்தாவுக்கு வாய்தா, சங்கத்திலிருந்து ஒருவர் அந்தத் தாயோடு கோர்ட்டுக்குப் போகட்டும். மாண்ட தோழனுக்கு நாம் செய்யும் கடன் அதுதான்.